கையா, எண்ணெயா

இனி என்னோடு காரில் மலை இறங்க மாட்டேன் என்று என் கணவர் முடிவெடுத்தது ஒரு மார்கழிக் காலை, ஆறே முக்கால் மணிக்கு. இடம், போடிமெட்டுச் சோதனைச் சாவடியைத் தாண்டி மூன்றாவது கொண்டை ஊசி வளைவு. நேரத்தையும் இடத்தையும் முதலில் எழுதிவிடுவது, மதுரையில் ஒரு நாளிதழின் செய்தி மேசையில் இருபத்தேழு வருடம் உட்கார்ந்த பழக்கம். வேலையை விட்டு ஐந்து வருடமாகியும் அது போகவில்லை.

எங்களுக்கு வீடு போடியில். ஏலத்தோட்டம் மெட்டுக்கு அந்தப் பக்கம், கேரள எல்லைக்குள், மூன்று ஏக்கர். காய் எடுப்பு நடக்கும் மாதங்களில் வாரத்தில் நான்கு நாள் தோட்டத்து அறையிலேயே தங்கிவிடுவோம். மாதம் ஒரு முறை அவருக்குத் தேனியில் கண் ஆஸ்பத்திரி. விடியும்போதே மலையிலிருந்து கிளம்பினால்தான் டோக்கன் கிடைக்கும்.

அவர் முப்பது வருடம் அந்த மலையில் வண்டி ஓட்டியவர். முதலில் ஜீப்பு, பிறகு கார். போன வருடம் இடது கண்ணின் விழித்திரை கெட்டுப்போனது. டாக்டர் சொல்வதற்கு முன்பே அவராகவே சாவியை என் உள்ளங்கையில் வைத்துவிட்டார். அதிலிருந்து இடது பக்கம் உட்கார்ந்து வருகிறார். பக்கத்தில் இருக்கும் பள்ளம் அவருக்குத் தெரியாது. அதற்குப் பதிலாகக் காதால் பார்ப்பார். எஞ்சின் சத்தத்தை வைத்து வண்டி எந்த கியரில் போகிறது என்று சொல்லிவிடுவார். ஒவ்வொரு வளைவுக்கும் அவருடைய வலது கால், பிரேக் இல்லாத இடத்தில், மிதியடியை அழுத்தும்.

அன்று காலை மூன்றாவது கியரில் இறங்கி வந்தேன். வளைவுக்கு முன்னால் இரண்டாவது கியருக்கு மாற்ற வேண்டும். தண்டு மூன்றிலிருந்து வெளியே வந்தது. இரண்டுக்குள் போகவில்லை. உள்ளே சுவர் எழுப்பி வைத்தது போல முட்டிக்கொண்டு நின்றது. எஞ்சின் சத்தம் அடங்கியது. வண்டி கியரே இல்லாமல் இறக்கத்தில் ஓட ஆரம்பித்தது. காலால் பிரேக்கை அழுத்தி, கையால் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, வளைவின் நடுவில் குறுக்காக நிறுத்தினேன். மோதவில்லை. யாருக்கும் காயமில்லை.

ஆனால் எதிரே ஏற்றத்தில் ஒரு ஜீப்பு வந்துகொண்டிருந்தது. ஏறுகிற வண்டிக்கு இறங்குகிற வண்டி வழிவிட வேண்டும் என்பது எங்கள் மலையின் முதல் சட்டம். நான் அதை மறித்துக்கொண்டு நின்றேன். பாரத்தோடு ஏற்றத்தில் நின்ற ஜீப்பின் பின் சக்கரத்துக்கு ஒரு பெண் குதித்து இறங்கிக் கல் வைத்தார். உள்ளே பத்துப் பதினைந்து பேர், காய் எடுக்கப் போகிறவர்கள், தலையில் துண்டும் இடுப்பில் பிளாஸ்டிக் தாளும் கட்டியிருந்தார்கள்.

"என்னக்கா, தள்ளணுமா?" என்று கேட்டார் கல் வைத்தவர். ஜீப்பு முழுக்கச் சிரித்தது.

ஜீப்பை ஓட்டி வந்தவர் என் கணவரோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். என்னைத் தங்கச்சி என்பார். கண்ணாடி வழியாகத் தலையை நீட்டி அவரைப் பார்த்துக் கேட்டார். "மாப்ளே, தங்கச்சிக்கு இன்னுமா கை பழகல?"

வண்டியை ஓரங்கட்டி ஜீப்புக்கு வழிவிட்டேன்.  ஆஸ்பத்திரி முடிந்து போடி வீட்டு வாசலில் இறங்கியபின் என் கணவர் சொன்னார்.

"அடுத்த மாசம் ஆஸ்பத்திரிக்கு நான் மச்சான் ஜீப்புல எறங்கிக்கிறேன். நீ பஸ்சுல வா."

"அப்ப காரு?"

"வித்துருவோம். இந்தக் கையி மலைக்குச் சரிப்படாது."

அடுத்த தேதி நான்கு வாரம் கழித்து, ஒரு திங்கட்கிழமை. நான் மலையில் தொடர்ந்து ஓட்டுவேனா இல்லையா என்பது அந்தத் திங்கட்கிழமைக்குள் முடிவாகிவிடும். கார் போனால் தோட்டத்துக்கு நான் நினைத்த நேரத்தில் போய்வருவதும் போகும். பிறகு பஸ் நேரம், ஜீப்பில் இடம் இருக்கிறதா என்று கேட்டு நிற்பது, இவ்வளவுதான். அதற்கு நான் தயாராக இல்லை.

முதலில் மெக்கானிக்கிடம் போனேன். நண்பகல், போடி வெயில். அவர் காரை எடுத்துக்கொண்டு நான்கு தெரு சுற்றிவிட்டு வந்தார்.

"கியரு வெண்ணெயா விழுதுக்கா. வண்டியில ஒன்னுமில்ல. ஒங்க கைதான்."

டயர்க் கடைக்காரரும் கையைத்தான் சொன்னார். ஜீப்பு ஸ்டாண்டிலும் அதே பேச்சு. மூன்று இடத்தில் ஒரே செய்தி வந்தால் உண்மையாகத்தான் இருக்க வேண்டும் என்று தோன்றும். செய்தி மேசையில் இந்த இடத்தில்தான் எங்களுக்குச் சந்தேகம் வரும். விசாரித்தேன். மூன்று பேருக்கும் சொன்னவர் ஒருவரே. என் கணவர்.

கைப்பையில் எப்போதும் ஒரு சின்ன நோட்டு வைத்திருப்பேன். அதில் கடந்த சில மாதங்களில் கியர் விழாமல் போன ஒவ்வொரு தடவையையும் நினைவிலிருந்து எழுதினேன். அடுத்த இரண்டு வாரத்தில் நடந்தவற்றை அந்தந்த இடத்திலேயே வண்டியை ஓரங்கட்டி எழுதினேன். இடம், நேரம், எந்த கியர், வண்டி கிளம்பி எத்தனை நிமிடம். மொத்தம் ஒன்பது பதிவு. எட்டும் மலையில், காலை எட்டு மணிக்கு முன்னால், வண்டி கிளம்பிப் பத்து நிமிடத்துக்குள். ஒன்றே ஒன்று போடியில், பஸ் ஸ்டாண்டு முக்கில், மத்தியானம் ஒன்றரைக்கு, என் கணவரும் பக்கத்தில் இருந்தபோது. அந்த ஒன்பதாவது பதிவு மற்ற எட்டோடும் சேரவில்லை. அடித்துவிடலாமா என்று யோசித்தேன். அடிக்கவில்லை.

காலைக் குளிரில் மட்டும் கெடுகிற கை எது என்று எனக்குத் தெரியவில்லை. பதில் தோட்டத்து அறையில், கண்ணாடி மாட்டியிருக்கும் ஆணிக்குப் பக்கத்து மாடத்தில் இருந்தது. தலைக்குத் தேய்க்கும் தேங்காயெண்ணெய். போடி வீட்டில் சாய்த்தால் ஓடி வரும். அதே பாட்டிலை மலைக்குக் கொண்டுபோனால் விடியற்காலையில் வெள்ளையாக உறைந்து, குச்சி விட்டுக் குடைந்தால்தான் வரும். தினமும் குடைந்துகொண்டிருந்தேன். ஒரு நாள் குச்சியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டேன். கியர் பாக்ஸுக்குள்ளும் எண்ணெய்தானே இருக்கிறது?

காரோடு வந்த கைப்புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கியர் பாக்ஸுக்கு எழுபத்தைந்து-எண்பது என்ற ரகம் என்று போட்டிருந்தது. எண் குறையக் குறைய எண்ணெய் மெல்லியது. அந்தப் பக்கத்தை மெக்கானிக்கிடம் காட்டினேன். ஆயில் போன வருடம்தான் மாற்றியது, நான்கு வருடத்துக்குத் தொட வேண்டாம் என்றார். என்ன ரகம் ஊற்றினீர்கள் என்றதற்கு, "மலைக்கு ஊத்துறதத்தான் ஊத்துனோம்" என்றார். புத்தகத்தில் இருப்பதை ஊற்றித் தருவீர்களா என்று கேட்டேன்.

"புக்குல ஆயிரம் போடுவான். அதெல்லாம் சமதரையில ஓடுற வண்டிக்கு. தண்ணி மாதிரி ஆயில ஊத்திட்டு மெட்டு ஏறுனா பல்லு பூராவும் தின்னுபோயிரும். அந்தப் பாவம் எனக்கு வேணாம்க்கா."

மறுத்தவரை வற்புறுத்தி வேலை வாங்கினால், நாளைக்கு ஒன்று கெட்டால் அதற்கும் என் பிடிவாதம்தான் காரணமாகும். நானே மாற்றுவது என்று முடிவு செய்தேன். உள்ளே இருப்பது என்ன என்று என் கண்ணால் பார்க்கவும் வேண்டியிருந்தது.

தேனியில் மூன்றாவது கடையில் அந்த ரகம் கிடைத்தது. கூடவே இரண்டு செம்பு வாஷர். டயர்க் கடையில் நான்கு இரும்பு ஸ்டாண்டு இரவல் வாங்கினேன். எதற்கு என்று கேட்டார், சொன்னேன். நான் போனபின் சிரித்திருப்பார். பூச்சிமருந்துக் கடையில், பயிருக்கு அடிக்கும் பம்பில் மாட்டுகிற புது ரப்பர் குழாய் இரண்டு மீட்டர் வெட்டித் தரச் சொன்னேன். மருந்து அடித்த பழைய குழாய் வீட்டில் நிறைய இருந்தது. அதில் மருந்து வாடை இருக்கும். அதை இந்த வேலைக்குத் தொடக் கூடாது.

அந்தத் திங்கட்கிழமைக்கு முந்திய சனிக்கிழமை காலை ஒன்பதரைக்குக் காரை ராசிங்காபுரம் வரை ஓட்டிப்போய்த் திரும்பினேன். எண்ணெய் சூடேறி இளகினால்தான் முழுதாக வடியும். வீட்டின் பின்னால் முன்பு காய் சலிக்கப் போட்டிருந்த சிமெண்டுத் தளம் இருக்கிறது. மழைத் தண்ணீர் ஓடுவதற்காக அதை லேசான சாய்வாகப் பூசியிருந்தார்கள். கார் சாய்வாக நின்றால் எண்ணெய் அளவு தப்பாகிவிடும். அதனால் கதவுக்கடியில் ஒரு பாட்டிலில் பாதி தண்ணீர் விட்டுப் படுக்க வைத்து, உள்ளே தண்ணீர் மட்டம் நேராகும்வரை ஜாக்கியை ஏற்றி இறக்கி, நான்கு ஸ்டாண்டிலும் வண்டியை உட்கார வைத்தேன். அதற்கே ஒரு மணி நேரம் பிடித்தது.

அவர் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு, பேப்பரை வலது கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உதவ வரவில்லை. ஆனால் நான் அடியில் நுழையும் முன் எழுந்துவந்து, நான்கு ஸ்டாண்டையும் காலால் உதைத்துப் பார்த்தார். காரை இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. திரும்பிப்போய் உட்கார்ந்துகொண்டார்.

கியர் பாக்ஸில் இரண்டு போல்ட். அடியில் இருப்பது எண்ணெய் வடிய. பக்கவாட்டில் சற்று மேலே இருப்பது ஊற்ற. மேல் போல்டில் பதினேழாம் நம்பர் ரிங் ஸ்பேனரை மாட்டி இழுத்தேன். அசையவில்லை. மல்லாந்து படுத்து, இரண்டு கையாலும் இழுத்தேன். முகத்தில் மண்தான் உதிர்ந்தது. சுத்தியலால் போல்டின் தலையில் நான்கு தட்டுத் தட்டிவிட்டு மறுபடி இழுத்தேன். இல்லை.

"கீழ உள்ளதக் கழட்டு. அது லேசா வரும்" என்றார் நாற்காலியிலிருந்து.

"மேல உள்ளது கழலாம கீழ உள்ளதத் தொட மாட்டேன்."

"ஏன்?"

"எண்ணெ பூராம் எறங்குன பெறகு ஊத்துற வாயி தெறக்கலைன்னா? திங்கக்கெழம கார் இங்கனயே நிக்கும். நீங்க ஜீப்புல போவீங்க."

"எப்பிடியும் நான் ஜீப்புலதான் போறேன்."

 கொட்டகைக்கு வாங்கி மிஞ்சிய இரும்புக் குழாய் ஒன்று சுவரோரம் கிடந்தது. அதை ஸ்பேனரின் பிடியில் செருகினேன். பிடி நீண்டால் பலம் கூடும், ஆனால் நழுவினால் போல்டின் முனை மழுங்கிப்போகும். மழுங்கினால் அன்றைய வேலை முடிந்தது. ஸ்பேனர் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு காலைச் சக்கரத்தில் ஊன்றி, குழாயை மெதுவாக, நிறுத்தாமல் இழுத்தேன்.

அந்த நேரத்தில்தான் ஜீப்புக்காரர் வந்து சேர்ந்தார். எனக்கு அவருடைய செருப்பு மட்டும் தெரிந்தது.

"என்ன மாப்ளே, ஆளக் காணோம், காலு மட்டும் கெடக்கு?"

"ஒந் தங்கச்சி உள்ள ஆராய்ச்சி பண்ணுது."

செருப்பு குனிந்தது. "தங்கச்சி, பேப்பர் ஆபீசுல இதத்தான் சொல்லிக்குடுத்தாங்களா?"

"எவன் சொன்னாலும் பாக்காம நம்பக் கூடாதுன்னு சொல்லிக்குடுத்தாங்கண்ணே."

சொல்லி முடிக்கும்போது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. போல்ட் உடைந்துவிட்டது என்று நினைத்தேன். உடையவில்லை. கால் சுற்று வந்திருந்தது. மீதியைக் கையாலேயே சுற்றி எடுத்தேன். பிறகு பழைய பேசினைக் கீழே தள்ளிவைத்து, அடிப் போல்டைக் கழற்றினேன். என் கணவர் சொன்னது போலவே அது லேசாக வந்தது.

எண்ணெய் இறங்கியதைப் பார்த்த மாதிரியே எழுதுகிறேன். வண்டி இருபது கிலோமீட்டர் ஓடி இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. போடியின் வெயில் தளத்தைச் சுட்டுக்கொண்டிருந்தது. அப்படியும் அது வெல்லப்பாகு போலக் கயிறாகத் தொங்கியபடி இறங்கியது. பேசினில் விழுந்த இடத்தில் மடிப்பு மடிப்பாகச் சேர்ந்து, பிறகு மெதுவாகப் படர்ந்தது. கந்தக வாடை மூக்கில் ஏறியது. இந்த வெயிலிலேயே இப்படி இறங்குகிற எண்ணெய், மார்கழி விடியலில் மலை மேல் எப்படி இருந்திருக்கும் என்று நான் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஜீப்புக்காரர் குனிந்து பேசினில் விரலை விட்டார். இரண்டு விரலால் தேய்த்தார். முகர்ந்தார்.

"மாப்ளே, இது நூத்தி நாப்பதுல்ல? நான் ஜீப்பு பின்னாடி ஆக்சில்ல ஊத்துற சரக்கு. இத எவன் காரு கியர் பாக்ஸுல ஊத்துனவன்?"

 பேப்பர் மடிக்கும் சத்தம் கேட்டது.

"நாந்தேன் வாங்கிக் குடுத்தேன்" என்றார் என் கணவர்.

"எங்க வாங்குன?"

"நீ வாங்குற கடையிலதேன்."

ஜீப்புக்காரர் சிரிக்க ஆரம்பித்து, நான் அடியில் கிடப்பது நினைவுக்கு வந்தவராகப் பாதியில் நிறுத்திக்கொண்டார். என் கணவர் சொன்னது அவரிடமா என்னிடமா என்று தெரியவில்லை. "நான் ஓட்டுனப்ப எந்த ஆயிலுன்னு பாத்ததே இல்ல. இனிமே வேற கை ஓட்டப் போகுதுன்னு ஆனப்ப, மலைக்குத் தாங்குற மாதிரி கெட்டியா ஒன்னு ஊத்தி வைப்போம்னு நெனச்சேன்."

மலையில் எல்லாவற்றுக்கும் கெட்டியானதுதான் நல்லது என்பது எங்கள் ஊரில் யாரும் கேள்வி கேட்காத நம்பிக்கை. கம்பளி, கயிறு, டயர், ஜீப்பின் ஸ்பிரிங் பட்டை, எல்லாவற்றுக்கும் அது பொருந்தும். ஜீப்பு ஆக்சிலுக்கும் பொருந்தும். அவர் அந்த நம்பிக்கையின்படி எனக்கு ஒரு நல்லது செய்திருந்தார். அதை என்னிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்கும் சரியென்றுதான் பட்டிருக்கும்.

அவர் முகத்தை அப்போது பார்க்காமல் இருந்தது நல்லதாயிற்று. எண்ணெய் சொட்டு நிற்கும்வரை அப்படியே படுத்திருந்தேன்.

அடிப் போல்டின் நுனியில் காந்தம் இருந்தது. அதில் சாம்பல் நிறத்தில் பசை ஒட்டியிருந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தால் மாவு போல இருந்தது. அது வழக்கமான தேய்மானம், பயமில்லை. அதற்குள் ஒரே ஒரு சில்லு, ஏலரிசியில் பாதி அளவு, விரலில் குத்தியது. விழாத கியரை அழுத்தித் தள்ளியதில் உள்ளே ஏதோ ஒரு விளிம்பு உடைந்திருக்க வேண்டும். எண்ணெய் கெட்டி என்பது அவர் செய்தது. அழுத்தித் தள்ளியது நான். சில்லை ஒரு காகிதத்தில் மடித்து நோட்டுக்குள் வைத்தேன்.

போல்டைத் துடைத்து, புது வாஷர் போட்டு இறுக்கினேன். இனி ஊற்ற வேண்டும். ரப்பர் குழாயை மேலிருந்து, எஞ்சின் பக்கமாக விட்டு, அதன் நுனியைக் கீழே நான் துளையில் பிடித்துக்கொள்ள வேண்டும். மேலே ஒருவர் புனலைப் பிடித்து ஊற்ற வேண்டும். கூப்பிடலாமா என்று நினைப்பதற்குள் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

"புனலக் கொண்டா" என்றார் அவர். ஜீப்புக்காரர் எடுத்துக் கொடுத்தார்.

டப்பாவைத் திறந்து ஊற்ற ஆரம்பித்த உடனேயே அவருடைய குரல் மாறியது. "இந்தா, தண்ணி மாதிரி ஓடுது. இது எண்ணெதானா?"

"எண்ணெதான்."

"இது எப்பிடி மெட்டு ஏத்தத்துக்குத் தாங்கும்?"

"நீங்க வாங்கிக் குடுத்தத ஒரு வருசம் ஓட்டிட்டேன். இத ஒரு நாள் ஓட்டிப் பாக்குறேன். ஊத்துங்க."

ஊற்றினார். இடையில் இரண்டு முறை நிறுத்தி, "வருதா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். இரண்டாவது டப்பாவும் முடியப் போகும்போது துளையின் உதட்டில் எண்ணெய் வழிந்தது. "போதும்." வழிந்தது நூலாகி, நூல் சொட்டாகும்வரை விட்டு, மேல் போல்டை மூடினேன்.

பழைய எண்ணெயைக் கேனில் பிடித்து ஜீப்புக்காரர் தூக்கிக்கொண்டார். கொட்டகைக் காலுக்குத் தடவினால் கரையான் ஏறாதாம். "நம்ம கடைச் சரக்கு நம்மகிட்டயே வந்துருச்சு" என்றார். போகும்போது, "திங்கக்கெழம காலையில வர்றேன் மாப்ளே" என்றார். என் கணவர் வர வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் இருவரும் காரிலேயே மேலே போனோம். ஏற்றத்துக்கு என்னோடு வருவதில் அவருக்குத் தடையில்லை. இறக்கம்தான் வழக்கு. ஏறும்போது கியர்கள் சரியாக விழுந்தன. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. சூடான வண்டியில் முன்பும்தான் விழுந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே காலுக்குத் தேங்காயெண்ணெய் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்தேன். அசையவில்லை. அந்த அளவு குளிர் போதும். எஞ்சினைச் சூடேற்றாமல், தனியாகக் கிளம்பினேன். சோதிக்காத வண்டியில் இன்னொருவரை உட்காரச் சொல்ல எனக்கு உரிமையில்லை. சாவடியைத் தாண்டி முதல் வளைவு, இரண்டாவது வளைவு. மூன்றாவது வளைவுக்கு முன்னால், மூன்றிலிருந்து தண்டை இழுத்தேன். ஒரு கணம் தயங்கியது. பிறகு இரண்டில் உட்கார்ந்தது. எஞ்சின் உறுமி வண்டியை இழுத்துப் பிடித்தது. கீழே அகலமான இடத்தில் திருப்பிக்கொண்டு மேலே வந்தேன்.

அறை வாசலில் அவர் பால் விடாத கட்டன் டீ குடித்துக்கொண்டு நின்றார்.

"விழுந்துச்சா?"

"விழுந்துச்சு."

"நீதான சொல்ற."

"பெறகு வேற யாரு சொல்லணும்?"

"ஒத்த ஆளு சொன்னா அது செய்தியில்லன்னு கலியாணமான நாள்லருந்து சொல்லிக்கிட்டுத் திரியுறவ நீ."

அவர் சொன்னது நியாயம். 

திங்கட்கிழமை ஜீப்பு ஆறரைக்கே வந்துவிட்டது. காய் எடுக்கிறவர்கள் இறங்கினார்கள். அன்று சக்கரத்துக்குக் கல் வைத்த பெண்ணும் அதில் இருந்தார். என்னைப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்தவரின் காதில் ஏதோ சொன்னார். ஜீப்பும் காரும் தோட்டத்து மண் ரோட்டில் அடுத்தடுத்து நின்றன. என் கணவர் ஆஸ்பத்திரி ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு இரண்டுக்கும் நடுவில் நின்றார்.

"கொஞ்ச நேரம் எஞ்சின ஓடவிட்டு எடுக்கலாம்ல?" என்றார் என்னிடம்.

"கூடாது. சூடாயிட்டா எதுவும் தெரியாது."

"சரி."

அவர் அசையவில்லை. அப்போது நோட்டை எடுத்தேன். அவருக்கு அந்த வெளிச்சத்தில் வாசிக்க முடியாது என்பதால் நானே சொன்னேன். "மொத்தம் ஒம்போது தடவ விழல. எட்டுத் தடவ இங்க, குளுருல. அது எண்ணெ. ஒரு தடவ போடியில, பஸ் ஸ்டாண்டு முக்குல, மத்தியானம். வண்டி நல்ல சூட்டுல இருந்துச்சு. அது எண்ணெயில்ல. கிளட்ச்ச முழுசா மிதிக்காம இழுத்துட்டேன். அது என் கை."

அவர் யோசிக்கவே இல்லை. "அது எனக்குத் தெரியும். சத்தத்துலயே தெரிஞ்சுச்சு. நீ சொல்லுவியான்னுதான் இருந்தேன்."

ஃபைலைக் காரின் பின் சீட்டில் போட்டார். சுற்றிவந்து முன் கதவைத் திறந்து உட்கார்ந்தார்.

"மாப்ளே, நான் பின்னாலயே வர்றேன்" என்றார் ஜீப்புக்காரர். "ஏதும்னா கையக் காட்டு."

"காட்டுறேன் மச்சான். வெரசா வா."

சாவடியைத் தாண்டினோம். கண்ணாடியில் ஜீப்பின் முகப்பு விளக்கு தெரிந்தது. அவர் எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தார். இரண்டாவது வளைவு முடிந்து மூன்றில் போட்டேன். மூன்றாவது வளைவு வந்தது. கிளட்ச்சை அடிவரை மிதித்தேன். தண்டை இழுத்தேன். அதே ஒரு கணத் தயக்கம். அது இனிப் போகாது என்று நினைக்கிறேன், நோட்டுக்குள் இருக்கும் சில்லின் அளவு அது. பிறகு இரண்டு விழுந்தது. எஞ்சின் சத்தம் உயர்ந்தது. வண்டி தானாக வேகம் குறைந்து வளைவுக்குள் திரும்பியது. கீழேயிருந்து ஏறி வந்த பஸ்சுக்கு ஓரமாக நின்று வழிவிட்டேன். அதன் டிரைவர் கையைத் தூக்கிவிட்டுப் போனார்.

அவருடைய வலது கால் வழக்கம்போல மிதியடியை அழுத்தியிருந்தது. மெதுவாக எடுத்தார்.

"ரெண்டாவது கியரு இன்னும் பத்தடி முன்னாலயே விழுந்துருக்கணும்" என்றார். "வளைவுக்கிட்ட வந்து போடுற. நேர் ரோட்டுலயே போட்டுட்டு வரணும்."

இதில் எண்ணெய்க்குச் சம்பந்தமில்லை. அவர் சொன்னது என் கையைப் பற்றி, அது சரியாகவும் இருந்தது. நான்காவது வளைவுக்குப் பத்தடி முன்னால், ரோடு நேராக இருக்கும்போதே, இரண்டில் போட்டேன். அவர் கண்ணாடியை இறக்கி, வெளியே கையை நீட்டி, பின்னால் வந்த ஜீப்பை முந்திப் போகச் சைகை காட்டினார்.